சொல் வீடு: அம்மா என்றால் ‘பெண் அப்பா’வா?

போன சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். பேத்தி செல்போனும் கையுமாக வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. பரீட்சை முடிந்த கையோடு, மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றில் எஸ்பெராண்டோ படிக்க ஆரம்பித்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் “சும்மா” என்கிறாள். அந்த வயதில் சும்மா செய்த காரியங்கள்தான் எனக்கு இன்றுவரை சோறு போடுகின்றன. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

“தாத்தா, ஒரு சந்தேகம். இதுல அப்பாவுக்கு ‘பாத்ரோ’. அம்மாவுக்கு ‘பாத்ரீனோ’. ‘ஈனோ’ன்னா பெண்பால் விகுதியாம். அப்போ அம்மான்னா பெண் அப்பாவா?”

தூக்கம் போய்விட்டது.

வழக்கமாக இந்தப் பகுதியில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கல்வெட்டு, பழைய ஏடு, பக்கத்து மொழி என்று தேடிப் போவோம். எவ்வளவு தூரம் போனாலும் ஓர் இடத்தில் பாதை மறைந்துவிடும். முதன்முதலில் ‘அம்மா’ என்று கூப்பிட்ட குழந்தை எது, எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சில மொழிகளில் அந்தக் கஷ்டம் இல்லை. அவற்றின் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து, யோசித்து, தேர்ந்தெடுத்தது. பேத்தியின் எஸ்பெராண்டோ அப்படிப்பட்டது. அதன் வயிற்றில் பிறந்து அதனோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போன ‘ஈடோ’வும் அப்படித்தான்.

பேத்தியின் கேள்விக்குப் பதில் அந்த ஈடோவில் இருக்கிறது. அங்கே அம்மாவுக்குத் தனிச் சொல். ‘மாத்ரோ’. அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்த வாரம்.

முதலில் ‘பெண் அப்பா’வின் பக்க நியாயத்தையும் கேட்டுவிடுவோம். எஸ்பெராண்டோவை உருவாக்கியவர் ஸாமென்ஹாஃப். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த பியாலிஸ்டாக் நகரில் 1859-ல் பிறந்தவர். தொழில் கண் மருத்துவம். ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நாலு கூட்டம் நாலு மொழி பேசிக்கொண்டு முறைத்துக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை குறையாதா என்ற ஏக்கத்தில் 1887-ல் வார்சாவில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்.

அவருடைய பெரிய கவலை, மனப்பாடச் சுமை. படிக்கிறவன் ஆயிரக்கணக்கான சொற்களை உருப்போட வேண்டும் என்றால் ஓடிவிடுவான். இதற்கு அவருக்கு வழி காட்டியது கடைப் பலகைகள். தெருவில் நடக்கும்போது, காவலாளி அறை, மிட்டாய்க் கடை என்ற இரண்டு ரஷ்யப் பலகைகளிலும் ‘ஸ்காயா’ என்ற ஒரே வால் இருப்பதைப் பார்த்தாராம். ஒரு வாலைக் கற்றுக்கொண்டால் நூறு சொல்லை உண்டாக்கலாமே என்று தோன்றியதாம். அதைப் பின்னால் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். முதல் புத்தகத்தில் சுமார் 900 வேர்ச்சொற்கள்தான் இருந்தன. மற்றதெல்லாம் ஒட்டுவேலை.

பெண்பாலுக்கு அவர் எடுத்த வால் ‘ஈன்’. ஜெர்மன் மொழியில் அரசன் ‘கோனிக்’ என்றால் அரசி ‘கோனிகின்’. நாம் தலைவன், தலைவி என்பதுபோலத்தான். ஆனால் அந்த வாலை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். ஃப்ராதோ சகோதரன், ஃப்ராதீனோ சகோதரி. வீரோ ஆண், வீரீனோ பெண். கடைசியில் பாத்ரோ அப்பா, பாத்ரீனோ அம்மா. கணக்குக்குச் சரி. சுமையும் குறைந்தது. காதுக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. தமிழில் எத்தனையோ பதவிப் பெயர்களுக்கு ‘இ’யும் ‘ஐ’யும் ஒட்டினோம். ஆனால் அம்மாவை யாரும் ‘அப்பி’ என்று சொல்லவில்லை.

இது வெறும் காது விஷயம் இல்லை என்று நினைத்தவர்கள் அப்போதே இருந்தார்கள். அவர்கள் தனி ஆட்களும் இல்லை. பாரிஸில் லூயி கூட்டுரா என்று ஒரு தத்துவ அறிஞர் இருந்தார். கணிதமும் தர்க்கமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லெயோ என்ற கணித அறிஞரும் அவரும் சேர்ந்து 1901-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். உலகத்துக்கு ஒரு துணைமொழி தேவை, அது எது என்று அறிஞர்கள் கூடி முடிவு செய்யட்டும் என்பது திட்டம். முந்நூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் ஆதரவு தந்தன. 1907 அக்டோபரில் பாரிஸில் குழு கூடியது. இரண்டு வருடம் கழித்து வேதியியல் நோபல் வாங்கப்போகும் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட், டென்மார்க்கின் மொழியியல் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள்.

எஸ்பெராண்டோவுக்காக வாதாட ஸாமென்ஹாஃப் வரவில்லை. பிரான்சில் அந்த மொழியைப் பரப்பிய லூயி த போஃப்ரோன் வந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் கைக்கு ஒரு திட்ட அறிக்கை வந்தது. எஸ்பெராண்டோவில் எதை எதை மாற்றலாம் என்ற விவரம். எழுதியவர் பெயர் இல்லை. ‘ஈடோ’ என்று ஒரு புனைபெயர் மட்டும். குழு, எஸ்பெராண்டோவை ஏற்கலாம், ஆனால் இந்த ஈடோ சொல்லும் வழியில் திருத்தங்களோடு என்று தீர்மானித்தது. எஸ்பெராண்டோக்காரர்கள் சம்மதிக்கவில்லை. குடும்பம் இரண்டானது.

அடுத்த வருடம் போஃப்ரோன் ‘நான்தான் அந்த ஈடோ’ என்று அறிவித்தார். ஒரு கட்சிக்கு வக்கீலாகப் போனவரே எதிர்க்கட்சியின் மனுவை எழுதியவர்! கூட்டுராவின் கையும் அதில் இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸாமென்ஹாஃபின் ஆட்கள் இதைத் துரோகம் என்றார்கள். எனக்கும் இந்த இடத்தில் போஃப்ரோன் மீது மரியாதை வரவில்லை. ஆனால் ஆள் எப்படியோ, திருத்தங்களில் நியாயம் இருந்தது.

சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஈடோக்காரர்கள் ஒரு விதி வைத்தார்கள். ஒருவருக்குப் பிடித்தது, இனிமையானது என்பதெல்லாம் கணக்கில்லை. எந்த வேரை அதிகம் பேர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்களோ, அதை எடு. இதற்காக ஆறு மொழிகளை வைத்துக்கொண்டார்கள்: ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி, ரஷ்யன், ஸ்பானிஷ். ஈடோ அகராதிகளில் வேர்ச்சொல் பக்கத்தில் டி, இ, எஃப், ஐ, ஆர், எஸ் என்று எழுத்துகள் போட்டிருப்பார்கள். அந்த வேர் எந்தெந்த மொழியில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். ஆறு எழுத்தும் இருந்தால் முதல் வகுப்பில் தேறிய சொல். சொல்லின் பிறப்புச் சான்றிதழை அகராதியிலேயே அச்சடித்துக் கொடுத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் மொழி பேசுவோரின் எண்ணிக்கையையும் பார்த்தார்கள். நாம் எளிமைக்காக மொழிக்கு ஓர் ஓட்டு என்று வைத்து, அம்மாவுக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்ப்போம். பேத்தி காகிதமும் பேனாவும் எடுத்து வந்தாள்.

இத்தாலி, ஸ்பானிஷ் இரண்டிலும் ‘மாத்ரே’ போலத்தான். நடுவில் ‘த்’ கொஞ்சம் மெல்லியது, அவ்வளவே. பிரெஞ்சில் ‘மேர்’. அங்கே அந்த ‘த்’ தேய்ந்து காணாமலே போய்விட்டது. ஆனால் தாய்மை சார்ந்த சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கும்போது ‘மாத்தெர்’ என்று அது திரும்பி வந்துவிடும். இந்த மூன்றுக்கும் தாய்வீடு லத்தீன். அங்கே ‘மாத்தெர்’. வேற்றுமை உருபு ஏறினால் ‘மாத்ர்’ என்று சுருங்கும். ஈடோவின் ‘மாத்ரோ’ வந்தது அந்தச் சுருங்கிய வடிவத்திலிருந்துதான். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஓ’, பெயர்ச்சொல் என்பதற்கான முத்திரை.

ஆங்கிலத்தில் ‘மதர்’, ஜெர்மனில் ‘முட்டர்’. இவை லத்தீனிடம் கடன் வாங்கியவை அல்ல. லத்தீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரிகள்.

ரஷ்யனில்தான் பேத்தி தடுமாறினாள். அங்கே அம்மா ‘மாத்’. கடைசி ‘ர்’ எங்கே? ‘அம்மாவுடைய’ என்று சொல்லிப் பார், ‘மாதெரி’ என்று வரும். ஒளிந்திருந்த ‘ர்’ எட்டிப் பார்க்கும். ஆக ஆறுக்கு ஆறு.

இந்த ஆறுக்கும் வெளியே கிரேக்கத்தில் ‘மேத்தேர்’, சமஸ்கிருதத்தில் ‘மாத்ரு’. அந்த வழியாகத்தான் நம் ‘மாதா’வும் வந்தாள். ஒரு கூட்டம் மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் பேசிய ஒரே மொழியின் பேரப்பிள்ளைகள் இவை எல்லாம். முன்னால் நிற்கும் ‘மா’ குழந்தையின் உதட்டில் பிறந்தது, பின்னால் இருக்கும் ‘தெர்’ உறவுமுறையைக் காட்டும் ஒட்டு என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நம் ‘அம்மா’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல. ‘ம்’ ஒற்றுமை குழந்தைகளால் வந்தது. உலகம் முழுக்க அவர்கள் வாய் ஒன்றுதான். அதையும் ரொம்ப நம்பிவிடக் கூடாது. ஜார்ஜியா நாட்டு மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா!

சரி, அப்பாவுக்கு எத்தனை ஓட்டு? ‘ஃபாதர்’, ‘ஃபாட்டர்’, ‘பேர்’, இத்தாலிக்கும் ஸ்பானிஷுக்கும் ‘பாத்ரே’. ஐந்து. ரஷ்யனில் அப்பா ‘அத்யேத்ஸ்’. அது வேறு வேர். இந்தக் குடும்பத்து அப்பாவின் வேர் ரஷ்யனில் வெளியூரிலிருந்து வந்த சொற்களில் மட்டும்தான் இருக்கிறது.

பேத்தி பேனாவைக் கீழே வைத்தாள். “அம்மாவுக்கு ஆறு. அப்பாவுக்கு அஞ்சு. அப்புறம் எதுக்கு அப்பாகிட்டேருந்து அம்மாவை உண்டாக்கினாங்க?”

நான் போட்ட எளிய கணக்கு இது. ஈடோக்காரர்கள் இதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர்கள் விதியை வைத்துக்கொண்டு யார் எண்ணினாலும் அம்மாவுக்குத் தனிச் சொல் கிடைத்தே தீரும். பெண் என்பதற்கும் அப்படி ஒன்று கிடைத்தது. ‘முலியேரோ’, லத்தீன் ‘முலியேர்’ வழி. இன்றைய ஈடோவில் ‘ஃப்ராதோ’ என்றால் கூடப்பிறந்தவர், அவ்வளவுதான். அண்ணன் தம்பி என்று சொல்ல ‘ஃப்ராதூலோ’, அக்கா தங்கை என்று சொல்ல ‘ஃப்ராதீனோ’. ஆண்பாலுக்கும் ஒரு வால் வந்துவிட்டது. ஆண்தான் அசல், பெண் அதன் ஒட்டு என்ற நிலை போய், இரண்டு பேரும் ஒரு நடுச்சொல்லின் ஒட்டு ஆனார்கள். அவன், அவள் என்று பிரிக்காமல் சொல்ல ‘லு’ என்று ஒரு பிரதிப்பெயரும் உண்டு. நம் ‘அவர்’ போல, ஆனால் மரியாதைக்காக அல்ல.

பெற்றவர் என்று அப்பா, அம்மா இருவரில் யாரையும் குறிக்க ‘ஜெனிதோரோ’ என்று ஒரு சொல். லத்தீனில் பெறுதல், பிறப்பித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ‘பெறு’ என்ற வினையிலிருந்து நாம் ‘பெற்றோர்’ செய்த அதே வழி. இரண்டு மொழிக்கும் சம்பந்தமே இல்லை. யோசனை மட்டும் ஒன்று.

இதெல்லாம் கேட்டதும் ஈடோ பெரிய புரட்சி மொழி என்று நினைத்துவிட வேண்டாம். விதியை அவர்களே எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கவில்லை. சகோதரிக்கு ஓட்டு எண்ணிப் பாருங்கள். ‘சிஸ்டர்’, ‘ஷ்வெஸ்டர்’, ‘ஸெர்’, ‘ஸொரெல்லா’, ரஷ்யனில் ‘செஸ்த்ரா’. ஒரே வேர், ஐந்து மொழி. ஸ்பானிஷ் மட்டும்தான் ‘எர்மானா’ என்று விலகிப் போனது. அப்பாவுக்குக் கிடைத்த அதே ஐந்து ஓட்டு. ஆனாலும் சகோதரிக்குத் தனிச் சொல் கிடைக்கவில்லை. ஃப்ராதீனோவாகவே நின்றுவிட்டாள். அம்மாவுக்குக் கிடைத்த நியாயம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை!

அக்கா என்றுகூட நான் சொல்ல முடியாது. அக்காவா தங்கையா என்பது அந்தச் சொல்லில் தெரியவே தெரியாது. இங்கேதான் எனக்கு ஈடோ மீது உண்மையான மனத்தாங்கல். உலகத்துக்கே பொதுமொழி என்றார்கள். எண்ணிக்கைக்கு எடுத்த ஆறு மொழியும் ஐரோப்பா. சீனம் இல்லை, அரபி இல்லை, தமிழ் இல்லை. கூடப்பிறந்தவர்களில் மூத்தவர் யார், இளையவர் யார் என்று பெயரிலேயே சொல்லும் நம்மைப் போன்ற, சீனர்களைப் போன்ற கோடிக்கணக்கானவர்கள் அந்த மேஜையில் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு சொல் கேட்டிருப்போம். ஓட்டு எண்ணும் விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமே!

இன்னொரு வேடிக்கை, மொழியின் பெயரிலேயே இருக்கிறது. எஸ்பெராண்டோவில் ‘ஈடோ’ என்பது வாரிசைக் குறிக்கும் விகுதி. ‘ஹுண்டோ’ நாய், ‘ஹுண்டீடோ’ நாய்க்குட்டி. தனியே நின்றால் ‘பிள்ளை’, ‘வழித்தோன்றல்’. எஸ்பெராண்டோவின் பிள்ளை என்ற அர்த்தத்தில் வந்த புனைபெயர், மொழிக்கே பெயராக நிலைத்தது. எஸ்பெராண்டோவும் அப்படித்தான். ‘நம்பிக்கை கொண்டிருப்பவர்’ என்ற பொருளில் ஸாமென்ஹாஃப் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. அப்பனும் பிள்ளையும் புனைபெயரிலேயே வாழ்ந்துவிட்டார்கள்.

இந்த ‘ஈட்’ என்ற ஒட்டு வந்தது கிரேக்கத்திலிருந்து. அங்கே அத்ரேயஸ் என்பவரின் மகன் ‘அத்ரெயீதேஸ்’. அப்பா பெயரைச் சொல்லி மகனை அடையாளம் காட்டும் வால் அது. நம் ஊர் இனிஷியல் மாதிரி. அம்மாவுக்குத் தனிச் சொல் தேடிக் கொடுத்த பிள்ளையின் பெயருக்குள் இருப்பது அப்பாவின் இனிஷியல்!

இதை எழுதும்போது என் அம்மா நினைவுக்கு வருகிறாள். அவள் போன பிறகு பழைய பெட்டியைக் குடைந்தபோது நாலைந்து காகிதங்கள் கிடைத்தன. கல்யாணத்துக்கு முந்தையதில் ‘த/பெ’ என்று தாத்தா பெயர். பிந்தையதில் ‘க/பெ’ என்று அப்பா பெயர். நிலப் பத்திரம் ஒன்றில் அவள் பெயரை இடம் போதாமல் பாதியில் வெட்டி, கணவர் பெயரை முழுதாக எழுதியிருந்தார்கள். என் பள்ளிச் சான்றிதழில் அவள் பெயரே இல்லை. அந்தக் காலத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. பேத்தியின் சான்றிதழில் அம்மா பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை முதல் தடவை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வெறுமனே அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈடோவின் கதை நல்லபடியாக முடியவில்லை. 1908-ல் தொடங்கிய ‘ப்ரொக்ரெஸோ’ என்ற மாத இதழில் கூட்டுரா ஒவ்வொரு சொல்லையும் போட்டு விவாதிக்க வைத்தார். ஓஸ்ட்வால்ட் தன் நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை மொழிக்குக் கொடுத்தார். 1914 ஆகஸ்ட் 3. ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்த நாள். படைதிரட்டும் உத்தரவுகளை எடுத்துக்கொண்டு விரைந்த கார் மோதி கூட்டுரா இறந்தார். வயது 46. நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள மொழி செய்தவரைப் போரின் முதல் வண்டிகளில் ஒன்றே கொண்டுபோய்விட்டது. யெஸ்பர்சன் பிற்பாடு விலகிப்போய், 1928-ல் ‘நோவியல்’ என்று சொந்தமாக ஒரு மொழி செய்தார். பிள்ளைக்கும் ஒரு பிள்ளை. இன்று ஈடோ பேசுகிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். எஸ்பெராண்டோவுக்கு அதைவிடப் பலமடங்கு கூட்டம். பாத்ரீனோ ஜெயித்துவிட்டாள், மாத்ரோ தோற்றுவிட்டாள் என்று சொல்லலாம்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என் மகள் ஆபீஸிலிருந்து வந்தாள். பேத்தியின் போன் டீபாயில் சார்ஜில் கிடந்தது. கைப்பையில் இருந்த தன் போனைத் தேடுவதற்காகவோ என்னவோ, கை தவறி மகளுக்கு டயல் போய்விட்டது. டீபாயில் மணி அடித்தது. குனிந்து திரையைப் பார்த்தாள்.

“அப்பா, யாருப்பா இது மாத்ரோ? இவளுக்குப் புது ஃப்ரெண்டா?”